பிரஸ் பட்டன் சட்டை

காளிதாஸுக்கு நான் தைத்துக் கொடுத்த சட்டையில் பொத்தான் கிடையாது. பொத்தான் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் பிரஸ் பட்டன். அழுத்தினால் மூடிக்கொள்ளும், ஓர் இழுப்பு இழுத்தால் கழுத்திலிருந்து வயிறுவரை தடதடவென்று திறந்துகொள்ளும். கைக்குழந்தைகளின் உடுப்புக்குத்தான் அப்படி வைப்பது வழக்கம். ஐம்பதை நெருங்கும் ஆம்பளைக்கு இது எதற்கு என்று நான் சிரித்துவிட்டேன்.

“ஒவ்வொரு புள்ள வர்றப்பவும் பட்டன கழட்டிக்கிட்டு இருந்தா டைம் போயிடுதுக்கா. அதுங்களுக்கு அளந்துதான் டைம் குடுக்கறாங்க. மணி அடிச்சா எழுந்து ஓடணும். பாவம்லா,” என்றான்.

புள்ள என்று அவன் சொன்னது டாக்டருக்குப் படிக்கும் மாணவர்களை. ஊருக்கு வெளியே ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பேர் வேண்டாம், என் வாய்க்கு வழக்கு வந்து சேரும். அங்கே பரீட்சை நடக்கும்போது நிஜ நோயாளிகளைக் கூப்பிட்டுப் படுக்க வைப்பார்கள். மாணவன் வந்து தொட்டு, தட்டி, கருவி வைத்துக் கேட்டு, இவருக்கு இன்ன வியாதி என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் பாஸ். காளிதாஸ் அங்கே படுத்துக் கிடக்கும் நோயாளிகளில் ஒருத்தன். இல்லை, அவனைக் கேட்டால் அவன்தான் முதல் ஆள் என்பான்.

நான் அக்னஸ். புக்கிட் பெருவாங்கில் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுத் தைக்கிறேன். காளிதாஸும் அவன் மனைவி பவானேஸ்வரியும் சுவருக்கு அந்தப் பக்கம். வெள்ளிக்கிழமை அவர்கள் அடிக்கும் மணி எனக்குக் கேட்கும், ஞாயிற்றுக்கிழமை நான் பாடுவது அவர்களுக்குக் கேட்கும். அதனால் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. சண்டை வந்ததெல்லாம் இந்தச் சட்டையாலும், சட்டைக்குள் இருந்த நெஞ்சாலும்தான்.

அந்த நெஞ்சு கெட்டது புலாவ் செபாங் பக்கத்து எஸ்டேட்டில். அப்பா மருதமுத்து பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். காளி தமிழ்ப்பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த வயதில் ஒரு தடவை தொண்டை கட்டிக் காய்ச்சல் அடித்திருக்கிறது. காய்ச்சல் போனது, கொஞ்ச நாளில் முழங்காலும் கணுக்காலும் வீங்கி, நடக்க முடியாமல் போனது. அம்மா சுப்பம்மா அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு டிரசரிடம் ஓடினார். எஸ்டேட்டில் டிரசர்தான் டாக்டர். மருந்து கட்டப் பழகியவர், அதற்கு மேல் படித்தவரில்லை. வயிற்றுவலி என்று போனவனுக்கும், மரத்திலிருந்து விழுந்தவனுக்கும், பிரசவத்துக்குப் போனவளுக்கும் ஒரே வெள்ளை மருந்துதான் புட்டியில் ஊற்றிக் கொடுப்பார். வளர்ற பிள்ளைக்கு மூட்டு அப்படித்தான் வலிக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். சுப்பம்மா இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தாராம். மருந்து கொடுக்காததைக்கூட நான் மன்னிப்பேன். அந்தக் கும்பிடு இருக்கிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தொண்டையில் தொடங்கி, மூட்டில் இறங்கி, கடைசியில் இதயத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும் காய்ச்சல் அது. அப்போதே சரியான ஊசி போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். இதயத்துக்குள் ரத்தம் ஒரு அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகும் கதவு ஒன்று அவனுக்குத் தடித்துச் சுருங்கிப் போனது. வயது ஏற ஏற மூச்சு வாங்கியது. எஸ்டேட் வேலையில் எண்ணெய்ச் செம்பனைக் குலையைத் தூக்கி லோரியில் எறிய முடியவில்லை. மேற்பார்வை பார்த்த மண்டோர் அவனைச் சோம்பேறி என்றார், அப்பாவும் சோம்பேறி என்றார். எஸ்டேட்டை வீடு கட்ட விற்ற பிறகு, டவுனுக்கு வந்து ஜாகா வேலையில், அதாவது காவல்காரனாக, சேர்ந்தான். ஆயர் குரோவில் ஒரு பெரிய தாமான் குடியிருப்பின் வாசலில், கார் வந்தால் தடுப்புக் கட்டையைத் தூக்க வேண்டும், போனால் இறக்க வேண்டும். அந்தக் கார்க்காரர்களில் கண்ணாடியை இறக்கி அவன் முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு.

டாக்டர் புவனேந்திரன் அவனைப் பிடித்தது ஆஸ்பத்திரி இதயக் கிளினிக்கில். அவர் அந்தக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். காளியின் நெஞ்சில் கருவியை வைத்தவர் அப்படியே கண்ணை மூடிக்கொண்டாராம். இடப்பக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னாராம். மூச்சை வெளியே விட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளச் சொன்னாராம். மறுபடியும் கேட்டுவிட்டு, “பியூட்டிஃபுல்” என்றாராம். சுருங்கிய கதவு வழியாக ரத்தம் போகும்போது எழும் உறுமல் அது. அந்த உறுமலைப் பாடப்புத்தகத்தில் படிக்கலாம், காதில் கேட்பதுதான் கஷ்டமாம். இவனுடையது அவ்வளவு தெளிவாக இருந்ததாம். காளிதாஸ் இதை என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பான் என்பதற்குக் கணக்கில்லை. பிறந்ததிலிருந்து அவனுடைய எதையும் யாரும் அழகு என்று சொன்னதில்லை. முதன்முதலில் சொன்னது அவனுடைய வியாதியை.

அதற்குப் பிறகு அவனுக்குத் தலைகால் புரியவில்லை. கல்லூரி கூப்பிட்ட நாளெல்லாம் ஜாகா வேலைக்கு ஆள் மாற்றிவிட்டுப் போனான். அவர்கள் கொடுத்தது பெட்ரோலுக்கும் ஒரு பொட்டலம் நாசி லெமாக்குக்கும் போதும்; காசுக்கு அவன் போகவில்லை. அங்கே அவனை மிஸ்டர் காளிதாஸ் என்றார்கள். தொடும் முன்னால் கையைக் கழுவிக்கொண்டு, தொடலாமா அங்கிள் என்று கேட்டார்கள். முடிந்ததும் தேங்க் யூ சொன்னார்கள். அவன் கட்டை தூக்கி விடும் வீடுகளின் பிள்ளைகள் மாதிரியான பிள்ளைகள், அவன் முன்னால் உள்ளங்கை வியர்த்து நின்றார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் காளிக்கும் பவானிக்கும் பிள்ளை இல்லை. அதையும் சேர்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

“ரப்பர் பொம்மை ஒன்னு வாங்கி வச்சிருக்காங்கக்கா. சுவிட்ச் போட்டா அதுவும் உறுமும். ஆனா டாக்டர் சொல்றாரு, பொம்மை படிக்கிறதுக்கு, காளிதான் புள்ளைங்க பாஸாகறதுக்குன்னு. நானும் ஒரு வாத்தியார்தான் பாருங்க,” என்பான்.

வாத்தியார் செய்த திருட்டுத்தனமும் உண்டு. ஒரு பெண் எதுவும் கேட்கவில்லை என்று கண் கலங்கி நின்றபோது, அவள் சொல்லாமலேயே இவன் இடப்பக்கம் திரும்பிப் படுத்து மூச்சை வெளியே விட்டு நிறுத்திவிட்டான். அப்படிப் படுத்தால்தான் உறுமல் நன்றாகக் கேட்கும். பரீட்சை பார்த்த டாக்டர் புவனேந்திரன் பிறகு அவனைக் கண்டித்தாராம். ஆனாலும் சிரித்துக்கொண்டேதான் கண்டித்தாராம். அன்றிலிருந்து யார் மூச்சை நிறுத்தச் சொன்னாலும், அவர்கள் தேங்க் யூ சொல்லும்வரை இவன் மூச்சை இழுக்கமாட்டான். அந்தப் பெருமையில் ஒரு நாள் என் முன்னறையிலேயே படுத்துக் காட்டினான். நான் தையலை நிறுத்திவிட்டு, எழுந்திருடா, செத்துகித்துத் தொலையாதே என்று திட்டினேன்.

நியாயமாகப் பேச வேண்டும். ஆபரேஷன் செய்துகொள்ளச் சொன்னவரும் டாக்டர் புவனேந்திரன்தான். ஒரு தடவை இல்லை, பல தடவை. கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தவரும் அவரே. அங்கே சோதித்துப் பார்த்துவிட்டு, கதவு ரொம்பத் தடித்துவிட்டது, நெஞ்சைத் திறந்து புதுக் கதவுதான் வைக்க வேண்டும் என்றார்கள். காளிதாஸ் அங்கே கேட்டது ஒரே கேள்வி. மாத்தினா அந்தச் சத்தம் இருக்காதா என்று கேட்டான். பயந்தவனுக்குத் தைரியம் சொல்வதாக நினைத்து, அந்த டாக்டர் சிரித்த முகத்தோடு, சத்தம் சுத்தமாகப் போய்விடும் என்றார். வீட்டுக்கு வந்தவன் இரண்டு வேளை சாப்பிடவில்லை. கத்திக்குப் பயப்படுகிறார் என்று பவானி நினைத்தாள். எனக்கு மட்டும் சந்தேகம். அவன் நெஞ்சைத் திறக்கப் போவதைப் பற்றிப் பேசவில்லை. சட்டைக்கு இன்னொரு துணி எடுத்து வந்தால் தைப்பீர்களா என்று கேட்டுவிட்டு, வேண்டாம், எதுக்கு இனிமே என்று அவனே சொல்லிக்கொண்டான்.

இந்தச் சங்கதியை அவன் டாக்டர் புவனேந்திரனிடமும் போய்ச் சொல்லியிருக்கிறான். அவர் வாழ்த்துச் சொல்லிவிட்டு ஒரு வேடிக்கையும் பண்ணினார். உங்க ஹார்ட்ட ரிப்பேர் பண்ணிட்டா என் ஸ்டூடன்ஸ் கதி என்ன காளி, ஃபைனல்ஸ் முடியட்டும்லா என்றாராம். படித்தவர்கள் படித்தவர்களிடம் இப்படிப் பேசிக்கொள்வார்கள், சிரிப்பார்கள், மறந்துவிடுவார்கள். எங்கள் ஜனங்களிடம் அப்படிப் பேசக்கூடாது. துரை சொன்னதையும் டிரசர் சொன்னதையும் வேடிக்கையா நிஜமா என்று பிரித்துப் பார்க்க எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொன்னால் செய்ய வேண்டும், அவ்வளவுதான். காளிதாஸ் தலையாட்டிவிட்டு வந்தான். அவர் மனதில் அது சிரிப்பு. இவன் மனதில் அது வாக்கு.

ரொம்பக் காலம் காத்திருந்து ஆபரேஷனுக்குத் தேதி வந்தது. கோலாலம்பூரில் போய்ச் சேர வேண்டிய அதே காலையில்தான் கல்லூரியில் கடைசி வருஷப் பரீட்சை. பவானி ஆயர் குரோ ஃபேக்டரியில் வேலை செய்கிறாள். ஷிஃப்ட்டை மாற்றி, லீவு கேட்டு, பையெல்லாம் கட்டி வைத்துவிட்டாள். இரண்டு நாள் இருக்கும்போது காளிதாஸ் வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, டாக்டர் இல்லையாம், தள்ளி வைத்துவிட்டார்கள் என்றான். அவளும் நம்பினாள், நானும் நம்பினேன். கவர்மெண்ட் ஆஸ்பத்திரி என்றால் தள்ளித்தானே வைப்பார்கள் என்று நான் வேறு நாலு வார்த்தை ஏசினேன். அவள் லீவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

அன்று காலை அவனைக் கல்லூரிக்கு என் கன்சில் காரில் கொண்டு போய் விட்டது நான்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டு, பவுடர் பூசி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்து உட்கார்ந்தான். மத்தியானம் திரும்ப ஏற்றிக்கொண்டபோது முகத்தில் அப்படி ஒரு களை. உதடு மட்டும் லேசாக நீலம் பாரித்திருந்தது. தாமான் திருப்பம் தாண்டும்போது, மனசு நிறைந்தவர்களுக்கு வரும் பேச்சு வந்தது அவனுக்கு. ஆஸ்பத்திரியிலிருந்து போன் எதுவும் வரவில்லை என்பதை அவனே சொல்லிவிட்டான்.

நான் காரை ரோட்டோரம் நிறுத்தினேன். என்ன சொல்லி ஏசினேன் என்பதை எழுத முடியாது. ஜெபமாலை தொங்கும் காரில் பேசக்கூடாத பேச்சு அது.

“தேதி மறுபடி குடுப்பாங்கக்கா. பரீட்சை மறுபடி வருமா? ஒரு வருஷம் போயிடும் அந்தப் புள்ளைங்களுக்கு,” என்றான்.

“அந்த டாக்டருக்குத் தெரியுமா, இன்னிக்கு உனக்கு ஆபரேஷன்னு?”

“சொன்னேன்க்கா. இன்னிக்கு கேஎல்ல சேர வேண்டியவன், உங்களுக்காகத்தான் டாக்டர் வந்திருக்கேன்னு சொன்னேன். முதுகுல தட்டி, ‘குட் மேன், காளி’ன்னாரு.”

அதைச் சொல்லும்போது அவன் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. எனக்கும் கட்டியிருந்தது, வேறு காரணத்துக்கு. காலையிலிருந்து அத்தனை பேர் அவன் நெஞ்சைக் காது கொடுத்துக் கேட்டார்கள். வாய் சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை.

பவானியிடம் நானே சொன்னேன். இதை மறைப்பதற்கு நான் அவனுக்கு என்ன கூட்டாளியா. அவள் கத்தவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, கட்டி வைத்த பையை இன்னும் அவிழ்க்காமல் இருந்தாள் போலிருக்கிறது, அதை எடுத்து ஒவ்வொரு துணியாக வெளியே வைத்தாள். மறுநாள் கோலாலம்பூருக்குப் போன் செய்தாள். வராதவனை வரிசையில் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள். அடுத்த வருஷம்தான் என்றார்கள். போனை வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்து ஒன்று கேட்டாள்.

“அந்தப் புள்ளைங்க பாஸாகணும், சரி. நான் என்னா ஆகறது?”

  அந்தக் கேள்வி அவன் மனதில் ஒரு நாளும் எழுந்ததில்லை.

அடுத்த வருஷம் வரும்வரை நெஞ்சு காத்திருக்கவில்லை. ஒரு காலை, எல்லோரும் வேலைக்குப் போகும் நேரம், தாமான் வாசலில் கட்டை ஏறவில்லை. கார்கள் வரிசையாக நின்று ஹார்ன் அடித்திருக்கின்றன. ஜாகா தூங்குகிறான் என்று ஒருவர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டியிருக்கிறார். இன்னொருவர் கைப்பேசியில் படம் பிடித்துத் தாமான் வாட்ஸ்அப் குழுவில் போட்டே விட்டார். இவனுக்குச் சம்பளம் கொடுப்பது தூங்குவதற்கா என்று கீழே எழுதியிருந்தார். அந்தப் படத்தைப் பிறகு நானும் பார்த்தேன். நாற்காலியில் சாய்ந்திருந்தான். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. தூங்குகிறவன் முகம் அப்படி இருக்காது என்று அந்தப் படித்த ஜனத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சுருங்கிய கதவுக்குப் பின்னால் தேங்கிய ரத்தம் கட்டியாகி, அந்தக் கட்டி தலைக்குப் போய் அடைத்துவிட்டது. வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போனது. நானும் பவானியும் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தபோது, ஒரு இளம் டாக்டர் பெண் அவன் நெஞ்சில் கருவியை வைத்துக்கொண்டிருந்தாள். வைத்தவள் அப்படியே நின்றாள். பக்கத்துக் கட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்த தோழியைக் கையசைத்துக் கூப்பிட்டு, கேளு, கிளாசிக் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். தோழியும் வந்து கேட்டாள். கெட்ட பிள்ளைகள் இல்லை. மருந்தும் ஊசியும் வேகமாகத்தான் நடந்தன. ஒருவேளை காளியின் நெஞ்சைக் கேட்டுப் பாஸானவர்களாகவே இருக்கலாம். முகத்தை வைத்து அவர்களால் கண்டுபிடித்திருக்க முடியாது. முகம் பரீட்சைக்கு வராது. ஆயிரம் பேரைக் கொன்றால்தான் அரை வைத்தியன் என்பார்கள். இப்போது ஒருத்தனையே ஆயிரம் தடவை கேட்டுவிட்டு முழு வைத்தியர் ஆகிவிடுகிறார்கள்.

வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு பவானி ஃபேக்டரி வேலையை விட்டாள். என் மெஷினில் விளிம்பு மடித்துத் தைக்கப் பழகிக்கொண்டாள். காளிக்கு நாம் பேசுவது புரிகிறது, திருப்பிச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்க வந்த பெண் பிரஸ் பட்டன் சட்டையைப் பார்த்து, ஒரு கையாலேயே போடலாம், கழற்றலாம், ரொம்ப நல்ல யோசனை ஆண்டி என்று என்னைப் பாராட்டிவிட்டுப் போனாள். அதிலிருந்து தினமும் அந்தச் சட்டைதான். துவைத்துக் காயப்போடும்போது பவானி அதை உதறுகிற வேகத்தைப் பார்த்தால், சட்டையை உதறுகிற மாதிரி இருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டர் புவனேந்திரன் வந்தார். ஒரு பை ஆரஞ்சுப் பழம். ஓட்டுநர் இல்லை, கூட யாரும் இல்லை. செருப்பை வெளியே கழற்றிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். காளியின் செத்த கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். அவர் வருத்தம் பொய்யில்லை, நான் பார்த்தேன். ஆபரேஷனுக்குப் போகச் சொல்லி எத்தனை தடவை சொல்லியிருப்பேன் அம்மா என்று பவானியிடம் சொன்னார். அதுவும் பொய்யில்லை.

பவானி நின்றுகொண்டே கேட்டாள். “அந்தப் பரீட்சை அன்னிக்கு இவரு உங்ககிட்ட சொன்னாராம், டாக்டர். இன்னிக்கு எனக்கு ஆபரேஷன்னு. நீங்க போன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போயிருப்பாரு. ஏன் சொல்லல?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “சொன்னாரா?” என்றார்.  “வெளியூர்லருந்து எக்ஸாமினர்ஸ் வந்திருந்தாங்கம்மா. ஒரே ஓட்டம். எனக்கு ஞாபகம் இல்ல.”

பொய் சொல்லியிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன். நிஜமாகவே ஞாபகம் இல்லை. காளிதாஸ் தன் உயிரைத் தூக்கிக் கொண்டு போய் அந்த மனிதன் முன்னால் வைத்திருக்கிறான். அவர் முதுகில் தட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.  கட்டிலில் கிடந்தவன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. டாக்டர் வீடு தேடி வந்த சந்தோஷம்தான் இருந்தது.

டாக்டர் காளியைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டாம், விருப்பப்பட்டால் மறுபடியும் கல்லூரிக்கு வரலாம் என்றார். இப்போது ஸ்ட்ரோக் வந்தவர்களைப் பார்த்துப் படிக்கவும் மாணவர்கள் இருக்கிறார்கள், வண்டி அனுப்புகிறேன் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நல்ல மனதுக்காரர்கள் இப்படித்தான் சொல்வார்கள் என்று எனக்கு இப்போது தெரியும்.

காளிதாஸின் இடக்கை எழுந்தது. சட்டையின் கழுத்தைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தான். பிரஸ் பட்டனெல்லாம் தடதடவென்று திறந்துகொண்டன. கட்டில் சட்டத்தைப் பிடித்து, உதவாத பாதி உடம்பையும் இழுத்துக்கொண்டு, முக்கி முனகி இடப்பக்கமாகத் திரும்பிப் படுத்தான். மூச்சை முழுக்க வெளியே விட்டான். நிறுத்திக்கொண்டான். கண் டாக்டரின் முகத்திலேயே இருந்தது.

டாக்டரிடம் கருவி இல்லை. கார்ச் சாவி மட்டும்தான் கையில் இருந்தது. அவர் அசையவில்லை.

“இழுங்க,” என்றாள் பவானி. “மூச்ச இழுங்க. பரீட்சை முடிஞ்சிருச்சு.”

அவன் அவளைப் பார்க்கவில்லை. உதடு கறுத்துக்கொண்டு வந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். பவானி அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள், அப்போதும் அவன் மூச்சை இழுக்கவில்லை. அவளுடைய வார்த்தைக்கு அவன் இத்தனை வருஷத்தில் மூச்சை நிறுத்தியதும் இல்லை, இழுத்ததும் இல்லை.

கடைசியில் டாக்டர் வாயைத் திறந்தார்.  “தேங்க் யூ, காளி,” என்றார்.

உடனே மூச்சை இழுத்தான்.

பவானி தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். டாக்டர் சொல்லிக்கொள்ளாமலே எழுந்து போனார். வண்டி அனுப்புவதைப் பற்றி அதற்குப் பிறகு ஒருவரும் பேசவில்லை.

அன்று சாயங்காலம் அவன் மேலிருந்து அந்தச் சட்டையைக் கழற்றி எடுத்து வந்தேன். பிரஸ் பட்டனை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். துணி சில இடத்தில் கிழிந்தது, ஒட்டுப் போட்டேன். பொத்தான் வைத்தேன், காஜா எடுத்தேன். ஒத்தக் கையால அவரால இதக் கழட்ட முடியாதேக்கா என்றாள் பவானி. அதற்குத்தான்டி வைக்கிறேன் என்றேன்.  அவள் அதை வாங்கிக்கொண்டு போய் அவனுக்குப் போட்டு, கீழிருந்து தொடங்கி, கழுத்துப் பொத்தான்வரை ஒவ்வொன்றாக மாட்டிவிட்டாள். அவள் மாட்டி முடித்த பிறகும் அவன் இடக்கை நெஞ்சின் மேலேயும் கீழேயும் போய் எதையோ தேடிக்கொண்டே இருந்தது.